வன்னிலத்தில் உழைப்போர்க்கேற்ற பாதரட்சை

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில், விராலிமலைக்கு அண்மையில் உள்ளது கொடும்பாளூர். இருக்குவேளிர் ஆண்ட இவ்வூரில் மூவர் கோயிலின் மூன்று விமானங்களுள் இரண்டு இன்றும் நிலைத்து நிற்கின்றன. கோயிலுக்கு உதவிய அதே கல்லும் சரளையும் இவ்வட்டாரத்துக் குடியானவர்களின் உள்ளங்காலை நாள்தோறும் தேய்த்து வருகின்றன. வண்டி மாட்டைக் கப்பிச் சாலையில் ஓட்டுமுன் லாடம் அடிப்பது நம் முன்னோர் வழக்கம். மாட்டின் குளம்புக்குக் காட்டிய அந்தக் கவனத்தை ஆளின் காலுக்கும் காட்டுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெறுங்காலால் விளையும் கேடுகள்

முள்ளும் கல்லும் கிழித்த புண்ணின் வழியே மண்ணிலுள்ள ரணஜன்னிக் கிருமி உட்புகக்கூடும். ஈரமான நிழல் நிலத்தில் கொக்கிப்புழுவின் இளம்புழு காலின் தோலைத் துளைத்து உட்சென்று, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். தோலின் வழியே அது புகும் என்பதைக் கெய்ரோ நகரிலிருந்த லூஸ் என்னும் அறிஞர் 1898-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கையில் தற்செயலாகச் சிந்திய துளியொன்றே அதற்குக் காரணமாயிற்று. வயலில் நேரும் பாம்புக்கடிகளிற் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலுமே படுகின்றன. இவையன்றிக் கல்தரையிலும் சிமெண்டுக் களத்திலும் நாள் முழுதும் நிற்போருக்குக் குதிகால் நோவும் முழங்கால் வலியும் உண்டாகின்றன.

தோலும் அடியும்

நம் மாகாணத்தில் நெடுங்காலமாக ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டு வந்தனர். அத்தோல் உறுதியானதாயினும், அடிக்கடி நனைந்தால் விறைத்துப்போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தபோது, கிணற்றுக் கவலைக்கு நீரில் எளிதில் அழுகாத தோல் கிடைக்கவேண்டும் என்பதும் அவர் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. கவலைக்கு ஏற்ற அக்குணம் காலணிக்கும் ஏற்றதே. ஆகையால் பூட்ஸின் மேற்பாகம் குரோம் தோலாயிருத்தல் நலம்.

அடிப்பாகம் கனத்த ரப்பராகவும் ஆழ்ந்த வரிகளை உடையதாகவும் இருக்கவேண்டும். பசையால் மட்டும் ஒட்டிய அடி வெயிலில் விரைவில் பிரியும். சுற்றிலும் தையலிட்டதே நீடிக்கும். பாலியூரித்தேன் என்னும் மெத்தென்ற அடி இலேசாயிருக்கும். ஆனால் அது நெடுநாள் அணியாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றினால் நொறுங்கிப்போகும். ஆதலால் பழைய சரக்கை வாங்கலாகாது. பூட்ஸை வளைத்துப் பார்த்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்கவேண்டும். நடுவில் மடங்குவது பாதத்தைத் தாங்காது. காலிற் கட்டிய பாரம் முதுகிற் சுமந்த பாரத்தைவிடப் பன்மடங்கு களைப்பைத் தருமாதலால், வேண்டாத கனமும் கூடாது.

அளவு பார்க்கும் முறை

விலையுயர்ந்த பூட்ஸும் அளவு தவறினால் பயனற்றது. பின்வருவனவற்றைக் கவனிக்க:

1. மாலை நேரத்திலேயே வாங்குக. நாள் முழுதும் உழைத்த கால் சற்றே வீங்கியிருக்கும்.

2. இரு கால்களும் ஒரே அளவாயிரா. பெரிய காலுக்குப் பொருந்துவதையே கொள்க.

3. உள்ளிருக்கும் அட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நிற்க. பாதத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே வழியுமாயின் அது குறுகியது.

4. நெடுவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்; நடக்கும்போது குதிகால் மேலெழலாகாது.

5. வேலைக்கு அணியும் மேஜோட்டுடனேயே அளவு பார்க்க.

புதிய ஜோட்டை முதல் வாரம் தினம் இரண்டு மணி நேரம் மட்டும் அணிந்து பழக்கவேண்டும்.

வேலைக்கேற்ற வகை

சேற்று நடவுக்குத் தோல் பூட்ஸ் உதவாது. பூச்சிமருந்து தெளிக்கும்போதும் தோல் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்ஸை அணிந்து, காற்சட்டையை அதன் வெளிப்புறமாக விடுதல் வேண்டும். களத்திற்கும் சாலை வேலைக்கும் கணுக்காலை மூடும் தோல் பூட்ஸே சிறந்தது. கல் உடைப்போருக்கு இரும்பு விரல்மூடி அவசியம். ஐ.எஸ். 15298 தரத்தின்படி பாதுகாப்புக் காலணியின் விரல்மூடி 200 ஜூல் அடியைத் தாங்கவேண்டும். அஃதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்துக்கொள்க.

பராமரிப்பு

நனைந்த ஜோட்டை அடுப்பருகிலோ கடுவெயிலிலோ வைத்தால் தோல் வெடிக்கும். உள்ளே பழைய காகிதத்தைத் திணித்து நிழலில் உலர்த்துக. மண்ணைத் துடைத்து, மாதம் இருமுறை மெழுகு பூசுக. இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது, ஒன்று நன்றாய் உலர இடங்கொடுக்கும். காலையில் அணியுமுன் கவிழ்த்துத் தட்டவேண்டும். தேளும் பூரானும் அதனுள் ஒடுங்குவதுண்டு. நீரிழிவுள்ளோர் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாமாதலால், தினமும் மாலையில் பாதத்தைச் சோதித்தல் கட்டாயம்.

மிராசுதாரர்க்கும் கிராம அலுவலர்க்கும்

தம் காலைக் காத்துக்கொள்ளும் நிலக்காரர், தம்மிடம் உழைப்போரின் காலையும் நினைத்தல் வேண்டும். நம் கிராமங்கள் பலவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் குறித்த தெருக்களில் செருப்பணிந்து நடத்தல் தடுக்கப்பட்டிருந்தது. முள்ளிலும் கல்லிலும் உழைத்தவனே செருப்பைக் கையில் எடுத்துச் சென்ற அக்காலத்தை நினைக்க நாணவேண்டியுள்ளது. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 2015-ஆம் ஆண்டில் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் வகுப்பினர் பொதுவிடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதைப் பெயர் குறித்தே குற்றமாக்கியுள்ளது. எவ்வூரிலேனும் அவ்வழக்கத்தின் நிழல் எஞ்சியிருப்பின், அதை அகற்றுதல் கிராம அலுவலரின் முதற்கடமையாகும்.

புண்பட்ட காலுடன் ஆள் வீட்டிலிருந்தால் அறுவடை நாளில் இழப்பு இருவர்க்கும் உண்டு. அறுவடைக்கு முன் அரிவாளைத் தீட்டி வைப்பதுபோல, ஆண்டுதோறும் வேலையாட்களுக்குக் காலளவு எடுத்துக் காலணி வாங்கித் தருதலையும் பண்ணைச் செலவில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்க.