பழைய லேத் வாங்குமுன்

1. கேரியேஜைச் சக்கிலிருந்து டெயில்ஸ்டாக் வரை நகர்த்திப் பார்க்கவும். சக் அருகே தளர்ந்து, மறுமுனையில் இறுகினால் படுக்கை தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் செலவு இயந்திரத்தின் விலையையே எட்டக்கூடும்; விட்டுவிடுவது நல்லது.

2. புதுப் பெயின்ட்டை நம்ப வேண்டாம். தூத்துக்குடி விசைப்படகுப் பட்டறையிலோ உப்பளத்தை ஒட்டிய கொட்டகையிலோ நின்றதென்றால், பெயின்ட் படாத லீட் ஸ்க்ரூவில் துருக்குழிகளைத் தேடவும். உப்புக்காற்று முதலில் அரிப்பது அங்கேதான்.

3. மோட்டார் தகட்டைப் படிக்கவும். தொழிற்சாலை லேத்துகள் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று பேஸ். பல வீடுகளில் இருப்பதோ 230 வோல்ட் ஒற்றை பேஸ். மோட்டார் மாற்றும் செலவை விலையில் கழிக்கவும்.

4. ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம். பேரிங் கோளாறு சத்தத்தில் தெரியும்.

5. வாங்கியதும் மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெய் பூசவும். கடலோரத்தில் வெறும் இரும்பு சில நாள்களிலேயே துருப்பிடிக்கும்.