மலையிலிருந்து கடலுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்குக் கடல் படிப்பு எதற்கு என்று உன் அம்மாயி கேட்டதாக எழுதியிருந்தாய். அவர் கேட்டதில் குற்றமில்லை. பூனாகலை உச்சியில் நின்றால், வானம் வெளித்த நாளில், தெற்கே தூரத்தில் வெள்ளிக் கம்பி போல ஒன்று மின்னும். அதுதான் கடல் என்று என் தாத்தா காட்டுவார். எங்கள் சனத்துக்குக் கடலோடு இருந்த பழக்கம் அவ்வளவுதான். கடல் தாண்டி வந்தவர்கள், வந்தபின் மலையை விட்டு இறங்கவே இல்லை.

அம்மாயிக்கு நீ இப்படிச் சொல்லு. அவர் குளிக்கிற பீலித் தண்ணீர் கானில் விழுந்து பூனாகலை ஓயாவுக்குப் போகிறது. அந்த ஓயாதான் கொஸ்லந்தைக்கு அப்பால் 220 மீட்டர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சியாக விழுகிறது. விழுந்த தண்ணீர் குடா ஓயாவில் கலந்து, குடா ஓயா கிரிந்தி ஓயாவில் கலந்து, தணமல்விலவைத் தாண்டி, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில் தங்கி, திஸ்ஸமஹாராம வயல்களில் பாய்ந்து, மிச்சம் புந்தலக் கரையில் கடலுக்குள் இறங்குகிறது. மலையில் அடிக்கிற மருந்தும், மழைக்கு முந்திய நாள் தூவிய உரமும், கவ்வாத்து வெட்டிய மலையில் கரைகிற மண்ணும் அதே வழியில்தான் போகின்றன. மண்ணில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்துவிடும். தண்ணீரில் கரைந்தது படியாது. கடலோடு அம்மாயிக்குச் சம்பந்தம் அன்றாடம் இருக்கிறது, அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நீ படித்ததும் பதுளையில், ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில். மலையில் இருந்துகொண்டு நீர்வாழ் வளங்களைப் படிப்பிக்கும் இடம். இப்போது கரையோர முகாமைத்துவப் பயிற்சிக்கு வெளிநாடு போகிறாய். இதை 'இயலளவு விருத்தி' என்று சுற்றறிக்கைகளில் எழுதுகிறார்கள். களப்போரங்களில் முப்பது வருசம் வேலை செய்தவன் என்ற உரிமையில், போகுமுன் சில விசயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாட்டுக் கரையோரச் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீட்டர், தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடலின் பக்கம் 2 கிலோமீட்டர் என்று அது கரையோர வலயத்தை வகுத்தது. ஆறும் களப்பும் கடலோடு சேருமிடத்தில் அந்த எல்லை உள்ளே 2 கிலோமீட்டர் வரை போகும். சட்டம் என்றால் எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோட்டைத் தலைக்குள்ளும் போட்டுக்கொண்ட அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது அடுத்த திணைக்களத்தின் பாடு என்று விட்டுவிடுவார்கள்.

புந்தலவில் நடந்ததைக் கேள். லுணுகம்வெஹெர அணை 1980களில் கட்டப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜெர்மன் அபிவிருத்தி வங்கியும் விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியமும் பணம் கொடுத்தன. காணியில்லாத குடும்பங்களுக்கு வயல் கிடைத்தது. அது பெரிய காரியம், அதை மறக்கக் கூடாது. ஆனால் வலக்கரைப் புது வயல்களிலிருந்து வடிந்த நீர் எங்கே போகும் என்ற கணக்கு யார் மேசையிலும் பெரிதாக இருக்கவில்லை. அது எம்பிலிகல களப்புக்குள் இறங்கியது. அங்கிருந்து மலல களப்புக்குப் போனது. உப்பும் நன்னீரும் கலந்து கிடந்த களப்புகளில் உப்புக் குறைந்தது. உவர்நீரை நம்பியிருந்த இறால் குறைந்தது. தண்ணீர் மட்டம் ஏறியபோது முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட வேண்டி வந்தது. வெட்டினால் வயல்காரருக்கு ஆறுதல், ஆனால் எப்போது வெட்டுவது என்பதில் மீன்பிடிக்கிறவரின் கணக்கு வேறு. ஆழமில்லாத உவர்நீரில் இரை தேடும் பூநாரைகள் கூட்டமாக வந்த இடம் அது. அவையும் அரிதாகிப்போயின.

அதே புந்தலதான் 1990இல் இலங்கையின் முதலாவது ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கையின் உலகப் பட்டியலில் ஏறியது. யோசித்துப் பார், மகள். ஒரே ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு சர்வதேச உதவி, கீழ்ப்பக்கத்தில் இன்னொரு சர்வதேச உடன்படிக்கை. இரண்டு பக்கத்திலும் படித்தவர்கள், நல்ல மனம் உள்ளவர்கள். ஒருவர் தண்ணீரைக் கொண்டுவந்தார், மற்றவர் பறவையைக் காக்க வந்தார். இடையில் வடிகால் ஒன்று ஓடியதைப் பிறகுதான் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். வீச்சுவலையோடு மலல களப்பில் நின்றவரைக் கேட்டிருந்தால், தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தே உப்புக் குறைகிறது என்று முதல் வருசமே சொல்லியிருப்பார்.

நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். போகும்போது கேள்வியை இங்கிருந்து கொண்டு போ. முறைகளை அங்குள்ளவர்கள் கற்றுத் தருவார்கள், நன்றாகவே கற்றுத் தருவார்கள். கேள்வியையும் அவர்களிடமே வாங்கிக்கொண்டு வந்தால், அவர்கள் ஊர்க் கடலுக்கான பதிலை எங்கள் களப்பில் நட்டுவைப்பாய்.

நட்டுவைப்பாய் என்று சும்மா எழுதவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் கண்டல் நட்டோம். வெளிநாட்டுப் பணம் வந்தது, பதாகை கட்டினோம், படம் பிடித்தோம். றுகுணப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் பிரசல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து பின்னர் அந்த இடங்களுக்குத் திரும்பப் போய் எண்ணினார்கள். 2017இல் வெளிவந்த அவர்களின் கணக்குப்படி, நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான் தேறியது. பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. தரை மட்டம் பார்க்காமல் நட்டது, வற்றுப்பெருக்கு ஏறாத இடத்தில் நட்டது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது, மாடு மேய்ந்தது: காரணங்கள் எல்லாம் எளியவை. நட்ட கூட்டுறவைவிட, எண்ணிய கூட்டுறவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாத்தறையும் பிரசல்ஸும் வருசக்கணக்காகச் சேர்ந்து கண்டல் ஆய்வு செய்தவை. அதனால்தான் தோற்றதைத் தோற்றது என்று எழுத முடிந்தது. மூன்று மாதத் திட்டத்துக்கு அந்தத் தைரியம் வராது.

நல்லபடி நடந்ததையும் தெரிந்துகொள். 1980களின் நடுவில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் பல்கலைக்கழகக் கரையோர வள நிலையம் எங்கள் கரையோரம் பேணல் திணைக்களத்தோடு சேர்ந்தது. வந்தவர்கள் ஒரு திட்டத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போகவில்லை. இங்குள்ள உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து வருசக்கணக்கில் வேலை செய்தார்கள். 1990இல் கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் வந்தது. 1992இல் 'கரையோரம் 2000' என்ற உபாய அறிக்கை வந்தது. பிறகு இக்கடுவையிலும் ரெக்காவையிலும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு சிறிய இடங்களுக்கான திட்டம் போடப் பழகினார்கள். எல்லாம் வென்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேலையில் பழகியவர்கள் நாட்டிலேயே இருந்தார்கள், அடுத்தவர்களைப் பழக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சி ஒன்று உருப்பட்டதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

பயிற்சி தருகிறவர்கள் முன்னால் நீ கூனிக் குறுகி நிற்கத் தேவையில்லை. ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 தொடக்கம் 1980இல் இறக்கும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷெர்லி அமரசிங்க. அவர் பெயரில் கடற்சட்டம் படிக்கும் இளையோருக்கு ஐக்கிய நாடுகள் 1981இலேயே ஒரு புலமைப்பரிசிலை நிறுவியது. 1982இல் கையெழுத்தான அந்தச் சமவாயத்தின் 207ஆம் உறுப்புரையை எடுத்து வாசி. நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் மாசைப் பற்றிப் பேசும்போது ஆறுகளைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். வளர்முக நாடுகளுக்கு அறிவியல் உதவியும் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று 202ஆம் உறுப்புரை சொல்கிறது. உனக்குக் கிடைத்திருப்பது தருமம் இல்லை. நாடுகள் ஒப்புக்கொண்ட கடமையில் உன் பங்கு.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த ஓர் இடத்துக்கு வெளிநாட்டு அன்பளிப்பாக நீரின் தரம் அளக்கும் கருவி ஒன்று வந்தது. திறப்பு விழா நடந்தது. ஒன்றரை வருசத்தில் அதன் உணரி பழுதானது. மாற்று உறுப்பு வாங்கப் பாதீட்டில் பணம் இல்லை, அளவு சரிபார்க்கும் கரைசலும் முடிந்துவிட்டது. நான் ஓய்வு பெறும் நாளிலும் அது அலுமாரியில்தான் இருந்தது. இன்றைக்கும் அது என் நெஞ்சை அறுக்கிறது. அதனால் பயிற்சியில் எந்தக் கருவியைக் காட்டினாலும், பழுதானால் யார் திருத்துவது, உறுப்பு எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேள். கூச்சப்படாதே. கூடவே மலிவான முறைகளையும் விடாமல் பழகு. வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கும் செக்கி முறை 1865இல் இத்தாலியில் வந்தது. இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில், பத்து வருசம் அதை இறக்கிக் குறித்து வைத்தால், அந்தக் கொப்பிக்கு முன்னால் எந்த விலையுயர்ந்த கருவியும் நிற்காது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் குருணை கரையெங்கும் ஒதுங்கியதே. முந்திய கடல் எப்படி இருந்தது என்று பதிவு வைத்திருப்பவர்தான் அப்படியொரு நாளில் இழப்பைக் கேட்க முடியும்.

அளந்ததைப் பத்திரமாக வைத்திரு. வெளிநாட்டிலிருந்து வந்து, மாதிரி எடுத்து, பறந்துபோய்த் தங்கள் பெயரில் எழுதும் அறிவியலைப் பற்றி எங்கள் கடற்பாலூட்டி ஆய்வாளர் ஆஷா டி வோஸ் உலக மேடைகளில் பேசிவருகிறார். அவர் எழுதியவற்றைத் தேடி வாசி. சேர்ந்து செய்யும் ஆய்வில் தரவின் ஒரு பிரதி இங்கே இருக்க வேண்டும், உன் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கு. பிறகு கேட்பது மனத்தாங்கலில் முடியும்.

இனி, உனக்கு வலிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை நம் அயலில், மீரியபெத்தையில், மலை சரிந்து இறங்கியபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, வரைபடம் இருந்தது. ஆட்கள் போய் இருக்க வேறு வீடு இருக்கவில்லை.

அறிவு மட்டும் போதாது என்பதில் கரையிலும் இதே கதைதான். 2004 டிசம்பர் 26இல் இந்துசமுத்திரத்துக்கு ஆழிப்பேரலை எச்சரிக்கை முறை கிடையாது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் அதிகமானவர்கள் போனார்கள். யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணைக்குழு முன்னின்று கட்டிய முறையில் 2011 முதல் அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா மூன்று நாடுகளும் பிராந்தியத்துக்கே தகவல் அனுப்புகின்றன. சர்வதேச ஒத்துழைப்பின் பெருமை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் செய்தி கொழும்புக்கு வந்தபின் வாடியில் படுத்திருப்பவரின் காதுக்குப் போக வேண்டும். அவருக்குப் புரியும் பாஷையில் போக வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கடைசித் தூரத்தை எந்த நாட்டு நிபுணரும் வந்து ஓடித்தர மாட்டார். உன்னைப் போன்றவர்களின் வேலை அது. மண்ணில் போனவர்களின் அயலில் வளர்ந்தவள் நீ, இதை உனக்கு விளக்க வேண்டியதில்லை.

பாஷை என்றேன். உனக்குத் தமிழ் வரும், சிங்களமும் நன்றாக வரும். கிரிந்தையில் சிங்களத்தில் பேசலாம், மன்னாரிலும் வாகரையிலும் தமிழில் பேசலாம். கைநூல்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, ஆங்கிலத்திலேயே அலுமாரிக்குள் போகின்றன. நீ கற்றதைப் பத்துப் பக்கத்தில் தமிழில் எழுது, சிங்களத்திலும் எழுது. பயிற்சி என்றால் ஐரோப்பா மட்டும்தான் என்றும் நினையாதே. உலக உணவு விவசாய நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தளமாக வைத்துத் தொடங்கியது. 2003 முதல் அது வங்காளதேசம், இந்தியா, மாலைதீவு, இலங்கை நான்கும் சேர்ந்த அரசிடை அமைப்பு. பிச்சாவரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, வற்றுப்பெருக்கை உள்ளே விட்டு, பட்டுப்போன கண்டல் காட்டை மீட்ட விதத்தை நேரில் போய்ப் பார். தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்த பிறகே நட்டார்கள். அங்கே நீ தமிழிலேயே கேள்வி கேட்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு வயது போனபின்தான் கிடைத்தது.

விமானம் ஏறுமுன் ஒரு கிழமை லீவு எடு. பூனாகலை ஓயாவின் தலைமாட்டிலிருந்து புந்தல வரைக்கும் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போ. கிரிந்தி ஓயாவின் முழு நீளமே சுமார் 118 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு இடத்திலும் ஒரு போத்தல் தண்ணீர் எடு, அங்கே தண்ணீரில் நிற்கிறவரோடு பேசு, பேசியதை அன்றிரவே கொப்பியில் எழுது. அந்தக் கொப்பியைப் பெட்டியின் மேல்பக்கம் வை.

திரும்பி வந்ததும் கொழும்பில் அறிக்கை கொடுக்கச் சொல்வார்கள், கொடு. ஆனால் முதல் பேச்சைப் பூனாகலைப் பள்ளிக்கூடத்தில் வை. கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வருகிற நேரமாகப் பார்த்து வை. அம்மாயியை முன்வரிசையில் உட்காரச் சொல். பீலியிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
பெரியப்பா