புருவத்தில் பட்ட அடி

அகஸ்தியன்பள்ளி உப்பளத்திலிருந்து வேதாரண்யம் திரும்பும்போது, இருட்டில் குறுக்கே வந்த மாட்டின் மீது என் பைக் மோதியது. தலைக்கவசம் வண்டியில்தான் தொங்கியது. இடது புருவத்தில் நாலு தையல். கண் வீங்கி மூடிக்கொண்டதால் பார்வையை யாரும் சோதிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இமை திறந்தது. அந்தப் பக்கம் சாம்பல் நிற மங்கல் மட்டும்.

"கண்ணு பளிச்சின்னுதானே இருக்கு தம்பி, சரியாப் போயிடும்" என்றார் அம்மா. பளிச்சென்றுதான் இருந்தது. ஆபத்தே அதுதான்.

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாக பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனோம். மருத்துவர் டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தார். இடது கண்ணில் வெளிச்சம் பட்டபோது கண்மணி சுருங்காமல் விரிந்தது. பார்வை நரம்பு ஓர் எலும்புக் குழாய்க்குள் நுழைந்துதான் மூளைக்குப் போகிறதாம். புருவத்தில் விழுந்த அடியின் அதிர்வு அங்கே இறங்கி நரம்பைக் கெடுத்துவிட்டது.

ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் பொறுமையாக விளக்கினார். இப்படிப் பார்வை நரம்பு அடிபட்ட 133 பேர் பற்றி 1999-இல் வெளியான ஆய்வில் ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை, சும்மா கண்காணித்தல் மூன்றுக்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. 2004-இல் தலைக்காயம் பட்ட 10,008 பேரிடம் நடந்த ஆய்வில், அதிக அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே மரணம் கூடியது. ஸ்கேனில் எலும்புச் சில்லு எதுவும் நரம்பை அழுத்தவில்லை. காத்திருந்தோம். தானாகவே கொஞ்சம் பார்வை திரும்புபவர்கள் உண்டு. எனக்கு முகத்தெதிரே விரல் எண்ணுமளவு வந்தது, அதோடு நின்றது.

"யாராவது கண் தானம் பண்ணினா மாத்திக்கலாமே" என்று ஊரில் பலரும் சொன்னார்கள். தானமாகக் கிடைப்பதில் பார்வைக்காகப் பொருத்துவது கருவிழியை மட்டுமே. நரம்பை மாற்ற இன்னும் வழியில்லை. நரம்பு துளிர்க்கும் என்று சொட்டு மருந்து விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

ஒற்றைக் கண்ணால் ஆழம் சரியாகத் தெரியாது. டீ ஊற்றினால் கிளாசுக்கு வெளியே போகும். பாத்திர மூக்கைக் கிளாசின் விளிம்பில் தொட்டு ஊற்றப் பழகினேன். உப்புப் பாத்தி வரப்பில் காலால் தடவி நடக்கிறேன். உப்பு வாரும்போது உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடாமல் இறங்குவதில்லை, மிச்சமிருக்கும் கண்ணுக்காக. ஒரு கண் முழுதும் போய், மற்றது நன்றாக இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழில் 30 சதவீதம்தான். பெரும்பாலான சலுகைகள் 40-இல் தொடங்குகின்றன.

நெற்றியிலோ புருவத்திலோ அடிபட்டவரை ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவர்க் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். கண் வீங்கி மூடியிருந்தால் அழுத்தாமல், இமை மேல் டார்ச் அடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று கேளுங்கள். மங்கல் என்றாலோ வெளிச்சம் தெரியவில்லை என்றாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.