வலைத்தள இடவாடகை: புதுப்பிக்கும் காலமும் முறையும்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய மாவட்டம் உருவாயிற்று. பழைய சித்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி அதனுடன் சேர்ந்தது. எல்லைகள் மாறினும் இவ்விரு மாவட்டங்களின் தொழில்கள் வெளியூர் வாடிக்கையாளரை நம்பியே நடைபெறுகின்றன. சித்தூர்ப் பகுதியில் விளையும் கிளிமூக்கு மாம்பழம் கூழாக்கப்பட்டு மேற்கு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்கிறது. ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணியும் வெங்கடகிரிச் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. திருப்பதியில் விடுதிகளும் வாடகை வண்டி நிலையங்களும் யாத்திரிகர்களால் வாழ்கின்றன.

இத்தகைய தொழில்கள் பலவற்றுக்கு இன்று வலைத்தளமே கடைவாசலாக விளங்குகிறது. அவ்வாசல் ஒருநாள் காலையில் மூடிக்கிடப்பதற்கு இயந்திரப் பழுதைவிடத் தவணை தவறுவதே காரணமாக இருப்பதுண்டு. எனவே, எதனை, எப்போது, எவ்வாறு புதுப்பிப்பது என்பதைச் சிறுதொழில் புரிவோர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மூன்று தவணைகள்

வலைத்தளத்திற்கு ஒரே கட்டணம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் தவணைகள் மூன்று. முதலாவது டொமைன் எனப்படும் இணையப் பெயர். இது கடையின் பெயர்ப்பலகையை ஒத்தது. இரண்டாவது ஹோஸ்டிங் எனப்படும் இடவாடகை. பக்கங்களும் படங்களும் தங்கியுள்ள கணினியில் இடம்பெறுவதற்கான வாடகை இது. மூன்றாவது பாதுகாப்புச் சான்றிதழ். இது காலாவதியானால் தளம் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை பார்வையாளரின் திரையில் தோன்றும். இம்மூன்றையும் வெவ்வேறு நிறுவனங்களிடம் வெவ்வேறு நாள்களில் பெற்றிருத்தல் கூடும். இடவாடகையைச் செலுத்திவிட்டுப் பெயரை மறந்தவருக்கும், பெயரைக் காத்து இடத்தை இழந்தவருக்கும் விளைவு ஒன்றே.

சான்றிதழின் ஆயுளும் குறுகி வருகிறது. 2020 செப்டம்பர் முதல் அதன் உச்சவரம்பு 398 நாள்களாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள்கள் என்றும், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்கள் என்றும் முடிவாகியுள்ளது. ஆகவே, சான்றிதழைத் தானாகவே புதுப்பித்துத் தரும் இடவாடகைத் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே தக்கது.

எப்போது புதுப்பிப்பது?

தவணை முடிவதற்கு 60 நாள்களுக்கு முன்பே பணி தொடங்கவேண்டும். முதலாண்டில் சலுகை விலையில் கிடைத்த இடவாடகை, புதுப்பிக்கும்போது கூடுதலாக இருப்பது வழக்கம். வேறு நிறுவனத்திற்கு மாறுவதாயின் கோப்புகளை நகர்த்தவும், சோதித்துப் பார்க்கவும் அவகாசம் தேவை. முகவரி மாற்றம் உலகெங்கும் பரவுவதற்கே இரண்டு நாள் வரை ஆகலாம்.

தொழிலின் பருவத்தையும் கருதவேண்டும். மாங்கூழ் ஆலையின் தவணை சூன் மாதத்தில் முடிவதாகக் கொள்வோம். அறுவடையும் அரைவையும் மும்முரமாக இருக்கும் அந்நாள்களில் நினைவூட்டும் மடலைப் படிக்க எவருக்கும் நேரமிராது. சனவரியிலேயே ஓராண்டோ ஈராண்டோ முன்கூட்டிச் செலுத்தி விடலாம். இணையப் பெயரைப் பொறுத்தவரை முன்னதாகச் செலுத்துவதால் இழப்பில்லை. எஞ்சிய காலத்தோடு புதிய காலம் சேர்க்கப்படும். மொத்தம் பத்தாண்டுகளுக்கு மேற்படலாகாது என்பதே வரம்பு.

எவ்வாறு புதுப்பிப்பது?

முதற்கண், தளத்தின் முழு நகலை எடுத்துச் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, மூன்று தவணை நாள்களையும் கணக்கேட்டில் குறித்துவைக்க வேண்டும். பிறகு, நிறுவனத்தின் தளத்திற்கு நேரே சென்று கட்டணம் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெறவேண்டும். புதுப்பிக்கச் சொல்லி வரும் போலி மடல்களும் உண்டாதலால், மடலில் உள்ள இணைப்பின் வழியே பணம் செலுத்துவது விரும்பத்தக்கதன்று. இறுதியாக, புதிய முடிவுநாள் பதிவாகியுள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.

தானியங்கிப் பிடித்தத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகள்படி, 2021 அக்டோபர் முதல் வங்கி அட்டையிலிருந்து தொடர்ந்து தொகை பிடிப்பதற்கு உடைமையாளரின் பதிவு செய்த ஒப்புதல் வேண்டும். 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பும் வரவேண்டும். கூடுதல் சரிபார்ப்பின்றிப் பிடிக்கத்தக்க தொகையின் வரம்பு 2022 சூனில் ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒப்புதல் பதிவாகாதிருந்தாலோ, அட்டை காலாவதியாகியிருந்தாலோ பிடித்தம் நின்றுவிடும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. நினைவூட்டும் மடல் செல்லும் முகவரி அதே இணையப் பெயரில் அமைந்திருந்தால், பெயர் காலாவதியாகும்போது அஞ்சலும் நின்றுவிடும். எச்சரிக்கை உரியவரை எட்டாது. எனவே வேறொரு மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் பதிவு செய்துவைத்தல் நன்று.

காலம் கடந்தால்

டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு, 2013 ஆகஸ்டு 31 முதல் நடப்பில் உள்ள பன்னாட்டு விதியின்படி, முடிவுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாள்களுக்குள்ளும் அறிவிப்பு அனுப்பப்படவேண்டும். பெயர் நீக்கப்பட்ட பின்னரும் 30 நாள்களுக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதன்பின் ஐந்து நாள்கள் கழிந்தால் பெயர் எவர்க்கும் உரியதாகிவிடும். இடவாடகைக்கோ இத்தகைய பொதுவிதி இல்லை. கோப்புகள் எத்தனை நாள் காக்கப்படும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நகல் எடுத்துவைக்க வேண்டுமென்பது இதனாலேயே.

பெருநிறுவனங்களும் இதில் தவறியுள்ளன. 1999 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் பாஸ்போர்ட் டாட் காம் என்னும் பெயரைப் புதுப்பிக்க மறந்ததால், ஹாட்மெயில் பயனர் பலர் தம் அஞ்சலைத் திறக்க இயலவில்லை. நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு நிரலாளர் 35 டாலரைத் தாமே செலுத்திச் சீராக்கினார். கைவிடப்பட்ட பெயர் எப்போதும் நல்லவர் கையிலேயே சேரும் என்பதற்கில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரைப் போன்ற பெயர்களில் போலித் தளங்கள் தோன்றி, பக்தர்களை எச்சரிக்கவேண்டிய நிலை பலமுறை நேர்ந்துள்ளது. யாத்திரிகர் முன்பணம் செலுத்தும் ஊரில், ஒரு விடுதி நழுவவிட்ட பெயர் மோசடிக்காரர்க்கு நல்ல கருவியாகும். புதிய பெயருக்கு மாறியவரும் பழைய பெயரைச் சில ஆண்டுகளேனும் புதுப்பித்து வருதல் இதனாலேயே இன்றியமையாதது.

பெயர் எவருடையது?

தளத்தை அமைத்துத் தருபவர் பெயரைத் தம் கணக்கிலேயே பதிவு செய்துவிடுவதுண்டு. அவர் தொழிலை விட்டாலோ ஊர் மாறினாலோ, உரிமையாளருக்குப் புதுப்பிக்கும் வழியே அடைபட்டுவிடும். நிலத்தைத் தம் பெயரில் பத்திரம் செய்துகொள்பவர், இணையப் பெயரையும் தம் நிறுவனத்தின் பெயரிலேயே பதிந்துகொள்ள வேண்டும். கலம்காரிக் கலைஞர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். தலைமுறைகளின் உழைப்பால் பெற்ற நற்பெயர், சிறியதொரு ஆண்டுக் கட்டணம் செலுத்தத் தவறியதால் பிறர் கைக்குப் போகலாகாது.