கடைக் கணினிக்கு எந்த லைசென்சு?



சாமான்களைத் தனித்தனியே வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கணினியில் செலவு சற்று மிச்சமாகலாம். ஆனால் அதை நடத்தும் மூலப் புரோகிராம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், அதனுடன் வராது. அதைத் தனியே பெற வேண்டும். அதில் நாம் அடைந்த நஷ்டம் பிறருக்கு வரவேண்டாம் என்றே இதை எழுதுகிறோம்.

தெலுக் பங்லிமா காராங்கிலுள்ள நம் மளிகைக் கடைக்குத் தங்கை மகன் கோலாலம்பூரிலிருந்து சாமான் வாங்கி வந்து ஒரு கணினி பூட்டிக் கொடுத்தார். விலை குறைவென்று விண்டோஸ் லைசென்சில் ஓ.இ.எம். வகையை வாங்கினோம். ஒரு நாள் மாலை இடி மழையில் தாய்ப்பலகை கருகிவிட்டது. வேறு பலகை வாங்கிப் போட்டோம். பழைய லைசென்சு அதில் செல்லவில்லை. நாம் வாங்கியது பொருளன்று, நிபந்தனையுள்ள ஓர் அனுமதி என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவ்வனுமதி எத்தனை வகைப்படும்?

1. ஓ.இ.எம்.: கணினி பூட்டி விற்போருக்காக ஏற்பட்டது. முதலில் ஏற்றிய கணினியோடு கட்டுண்டது. தாய்ப்பலகை மாறினால் பொதுவாக அத்துடன் முடிந்தது.

2. ரீட்டெயில்: விலை கூடுதல். ஆனால் கடை மாறும்போது தராசை எடுத்துச் செல்வதுபோல இதை வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். ஒரு சமயத்தில் ஒரே கணினியில்தான் இருக்கலாம்.

3. வால்யூம்: கம்பெனிகளும் கல்விக்கூடங்களும் தம் உபயோகத்துக்கு மொத்தமாகப் பெறுவது. பத்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் 'கீ'களில் பல இவ்வாறு வெளியே கசிந்தவை. இவற்றுள் கே.எம்.எஸ். என்னும் முறையில் இயங்குவது 180 நாளுக்குள் தன் நிலையத்தோடு தொடர்புகொண்டு புதுப்பிக்கப்படாவிட்டால் காலாவதியாகும். அன்றியும் அது பிறருடைய ஹக்கு. எடையில் ஒரு குன்றிமணி குறையக் கூடாதென்று பார்க்கும் நாம் இதிலும் அப்படியே பார்க்க வேண்டும்.

4. லினக்ஸ்: 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. ஜி.பி.எல். என்னும் லைசென்சின்படி இதை உபயோகிக்கலாம், நகலெடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலியவை விலையின்றிக் கிடைக்கின்றன. மலேசிய அரசாங்கமே 2004-ல் தன் இலாகாக்களில் இத்தகைய திறந்த மூலப் புரோகிராம்களைப் பரப்பத் திட்டம் வகுத்தது.

லைசென்சு இல்லாமலே நடத்தினால் என்ன என்று சிலர் கேட்கலாம். களவுப் பிரதியைத் தன் சொந்த வீட்டு உபயோகத்துக்கன்றி வைத்திருப்பது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கே பிரதி ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கடைக் கணினி வீட்டு உபயோகமாகாது.

இனித் தேர்ந்தெடுக்கும் வழி. முதலில் கணக்குப் புரோகிராம் எதில் ஓடும் என்று கேளுங்கள். விண்டோஸில் மட்டுமே ஓடுமாயின் விண்டோஸ்தான் வேண்டும். பில்லும் கடிதமும் எழுதவும், வருமான வரி இலாகாவின் மின்பட்டியல் தளத்தைத் திறக்கவும் மட்டுமானால் லினக்ஸே போதும். அடுத்து, விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், பலகை வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கல்லாவுக்கு ஹோம் வகை போதும். வீட்டிலிருந்தபடியே விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கடைக் கணினியைத் திறக்க வேண்டுமானால் புரோ வேண்டும்.

நம் கணக்குப் புரோகிராம் விண்டோஸை விட்டு வராததால் கல்லாவுக்கு ரீட்டெயில் வாங்கினோம். முன்பே வாங்கியிருந்தால் ஒரு லைசென்சின் விலை மிச்சமாகியிருக்கும். வீட்டில் பிள்ளைகளின் கணினிக்கு லினக்ஸ் மின்ட் போட்டோம்.

ஆகவே சகோதரர்களே, பணம் கொடுக்குமுன் விற்பவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "பலகை மாறினால் இந்த லைசென்சு நம்மோடு வருமா?"