கைக்கருவிகளும் மின்வலுக் கருவிகளும்: எந்த வேலைக்கு எது?

"கைக்கருவிகளுக்கும் மின்வலுக் கருவிகளுக்கும் இடையிலான வேறுபாடுகளைத் தருக" என்ற வினாவுக்குப் பெரும்பாலான மாணவர்கள் எழுதும் விடை ஒரே வரியில் முடிந்துவிடும்: மின்வலுக் கருவி வேகமானது, கைக்கருவி மெதுவானது. இது பிழையன்று, ஆனால் அரைவாசி விடையே ஆகும். ஒரு வேலை தரப்பட்டு அதற்குரிய கருவியைத் தெரிவுசெய்யுமாறு கேட்கப்படும்போது, அந்த வேலையோடு பொருந்திய காரணத்தை எழுதினால்தான் விடை முழுமை பெறும். அந்தக் காரணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை இப்பகுதியில் நோக்குவோம்.

தச்சரின் உளி, சீவுளி, கைவாள், மேசனின் சாந்தகப்பை என்பன மனிதனின் தசை வலுவால் இயங்குவன. ஆகவே அவை கைக்கருவிகள். கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கைத்துளைகருவியும் கைக்கருவியே ஆகும். அதில் பற்சில்லுகள் இருப்பதால் அதனை வலுக்கருவி என எழுதிவிடும் மாணவர் பலர். பற்சில்லு கதியை மாற்றுமேயன்றி வலுவைத் தருவதில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். மின் மோட்டரால் இயங்குவனவே மின்வலுக் கருவிகள்.

பயிற்சியுள்ள ஒருவர் தொடர்ச்சியாக உடலுழைப்பில் ஈடுபடும்போது ஏறத்தாழ 75 உவாற்று வலுவை வழங்க முடியும். வீட்டு வேலைகளுக்கான சாதாரண மின்துளைகருவி ஒன்றின் வலு 600 உவாற்று அளவிலானது. அதாவது எட்டு மடங்கு. வேகத்துக்குக் காரணம் இதுவே. ஆபத்துக்கும் காரணம் இதுவே. கைவாள் ஆணியொன்றில் மோதினால் கை உடனே அதனை உணர்ந்து நின்றுவிடும். மோட்டர் அவ்வாறு நிற்பதில்லை. அலகு இறுகினால் கருவியையே பிடித்திருப்பவரின் பக்கம் திருப்பிவிடும். அளவைப் பிழையாகக் குறித்திருந்தாலும் அப்படித்தான். கைவாளால் வெட்டும்போது இரண்டு இழுவையில் பிழை தெரியவரும். மின்வாளால் வெட்டும்போது பலகை இரண்டாகிய பின்னரே தெரியவரும்.

கதவு நிலைக்குப் பிணைச்சல் பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். பிணைச்சல் தகட்டின் தடிப்பு அளவுக்கே பள்ளம் வெட்டப்பட வேண்டும். ஆழம் கூடினால் கதவு நிலையோடு இறுகும்; குறைந்தால் இடைவெளி விழும். ஒரு கதவுதான் எனில், மூலைமட்டத்தால் அடையாளமிட்டு, கூரிய உளியாலும் மரச்சுத்தியலாலும் வெட்டி முடிப்பதே சுருக்கமான வழி. ரவுட்டர் என்னும் மின்கருவிக்கு மாதிரிச் சட்டம் தயாரித்து, ஆழத்தைச் சரிசெய்து, கழிவுத் துண்டொன்றில் வெட்டிப் பார்ப்பதற்குள் உளி வேலை முடிந்துவிடும். நாற்பது கதவுகள் கொண்ட மாடிக் கட்டடத்தில் நிலைமை தலைகீழாகும். ஒருமுறை செய்த ஆயத்தம் நாற்பது கதவுகளுக்கும் பயன்படும். எல்லாப் பள்ளங்களும் ஒரே ஆழத்தில் அமையும். ஆகவே வேலையின் அளவும் அது எத்தனை முறை திரும்பச் செய்யப்படுகிறது என்பதும் முதற் காரணமாகின்றன.

கொங்கிறீற்றில் துளையிடுவதில் அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை. முன்னர் உளியை ஒவ்வோர் அடிக்கும் சற்றுத் திருப்பிச் சுத்தியலால் அடித்தே துளையிட்டனர். அடித்தலும் திருப்புதலும் ஆகிய அதே செயலைத்தான் சுத்தியல் வகை மின்துளைகருவி நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை செய்கிறது. ஆனால் தரை ஓட்டில் துளையிடும்போது அடிக்கும் செயலை நிறுத்திவிட்டுக் குறைந்த கதியில் தொடங்க வேண்டும். இல்லாவிடில் ஓடு வெடிக்கும்.

அடுத்து, வேலைத்தளங்களில் கடுங் காயங்களை ஏற்படுத்தும் கிறைண்டரைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 100 மி.மீ விட்டமுள்ள வெட்டுத்தட்டு நிமிடத்துக்கு 11 000 சுற்றுக்கள் சுழல்கிறது எனக் கொள்க.

தட்டின் பரிதி = 3.14 × 0.1 = 0.314 மீற்றர்
ஒரு செக்கனில் சுற்றுக்கள் = 11 000 ÷ 60 = 183.3
விளிம்பின் கதி = 0.314 × 183.3 = செக்கனுக்கு 57.6 மீற்றர்

இது மணிக்கு 200 கிலோமீற்றரிலும் அதிகம். இவ்வகைத் தட்டுக்களில் பொதுவாக அச்சிடப்பட்டிருக்கும் உச்ச எல்லை செக்கனுக்கு 80 மீற்றர். ஆகவே இங்கு தட்டு எல்லைக்குள் இயங்குகிறது. இனி, ஆழமாக வெட்டுவதற்கென்று காப்புறையைக் கழற்றிவிட்டு அதே கிறைண்டரில் 180 மி.மீ தட்டைப் பூட்டினால் என்ன நடக்கும்? விளிம்பின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 104 மீற்றர் ஆகிறது. தட்டைப் பிய்த்தெறிய முயலும் விசை கதியின் வர்க்கத்துக்கு விகிதசமமாகையால், எல்லையில் இருக்கவேண்டியதைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு விசையைத் தட்டு தாங்க வேண்டும். தட்டு சிதறினால் துண்டுகள் அதே கதியில் வெளியேறும். அவற்றைத் தடுக்கவேண்டிய காப்புறையோ கழற்றப்பட்டுவிட்டது. கிறைண்டரில் பற்களுள்ள மரம் வெட்டும் தட்டைப் பூட்டும் வழக்கமும் நம்மிடையே உண்டு. பல் மரத்தில் கொளுவியதும் கருவி பின்னோக்கி உதைக்கும். "எனக்குப் பழக்கம்" என்று சொல்பவரின் கையும் மோட்டரை விட வேகமானதல்ல.

தூசி மாணவர் விடைகளில் மிக அரிதாகவே இடம்பெறுகிறது. கொங்கிறீற்று, செங்கல், கருங்கல் ஆகியவற்றை உயர் கதியில் வெட்டும்போது வெளிவரும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசு நோயை உண்டாக்கும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடு இதனிலும் கேடானது. எல்லா வகை அஸ்பெஸ்ரசும் மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. நோய் வெளிப்படப் பல தசாப்தங்கள் எடுப்பதால், வெட்டியவர் அன்று எதையும் உணரமாட்டார். இத்தகட்டைக் கிறைண்டரால் வெட்டுதல் ஆகவே ஆகாது. முடிந்தால் வெட்டாமலே முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். தவிர்க்க முடியாதவிடத்து, தகட்டை நனைத்து, நார்த்தூசியை வடிக்கும் தரமான சுவாசக் கவசத்துடன் கைவாளால் மெதுவாக வெட்ட வேண்டும். கைக்கருவி மெதுவானது என்ற குறையே இங்கு அதன் சிறப்பாகிறது.

மின் பாதுகாப்பைப் பொறுத்தவரை, நமது வழங்கல் 230 வோல்ற்று. கருவியின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் காணப்பட்டால் அது இரட்டைக் காவலிடப்பட்டது. அதற்குப் புவிக்கம்பி தேவையில்லை. எனினும் ஈரமான தளத்தில் அது மட்டும் போதாது. கசிவு ஓட்டம் 30 மில்லி அம்பியரை அடையும்போது மின்னைத் துண்டிக்கும் டிறிப் சுவிச்சினூடாகவே இணைக்க வேண்டும். மின்னில்லாத தளங்களுக்கு 18 வோல்ற்று மின்கலக் கருவிகள் பொருத்தமானவை.

மாதிரி வினா: மின்குழாய் பதிப்பதற்காகச் சீமெந்துக் கல் சுவரில் 20 மீற்றர் நீளத்துக்குத் தவாளிப்பு வெட்ட வேண்டியுள்ளது. பொருத்தமான கருவிகளைக் காரணத்துடன் குறிப்பிடுக.

விடை: நீளம் அதிகமாகையால், காப்புறையுள்ள கிறைண்டரால் இரு பக்கக் கோடுகளையும் ஒரே ஆழத்தில் வெட்டுதல் பொருத்தமானது. இதனால் ஓரம் உடையாது, நேரமும் மீதமாகும். இடையிலுள்ள பகுதியை உளியாலும் சுத்தியலாலும் அகற்றலாம். அடியின் பலத்தைக் கையால் கட்டுப்படுத்த முடிவதால் சுவரின் மறுபக்கம் பாதிக்கப்படாது. முன்னரே சுவரினுள் மின்கம்பிகள் உள்ளனவா எனப் பரிசோதித்து மின்னைத் துண்டித்தல், கண் கவசமும் தூசிக் கவசமும் அணிதல் அவசியமானவை.

இவ்விடையில் இரு வகைக் கருவிகளும் ஒரே வேலையில் இடம்பெறுவதைக் கவனியுங்கள். ஒன்றை மட்டுமே தெரிவுசெய்ய வேண்டும் என்று வினா கூறவில்லை.

பயிற்சி

1. 125 மி.மீ விட்டமுள்ள, உச்ச எல்லை செக்கனுக்கு 80 மீற்றர் எனக் குறிக்கப்பட்ட தட்டை நிமிடத்துக்கு 11 000 சுற்றுக்கள் சுழலும் கிறைண்டரில் பூட்டலாமா? கணித்துக் காட்டுக. கதி எல்லைக்குள் இருப்பினும், 100 மி.மீ தட்டுக்கென அமைந்த கிறைண்டரில் அதனைப் பூட்டக்கூடாது என்பதற்குக் காரணம் ஒன்று தருக.

2. பலாப் பலகையாலான ஒரு மேசையின் மேற்பரப்பை மின்சீவுளியால் சீவிய பின்னரும் தச்சர் கைச்சீவுளியால் மீண்டும் சீவுகிறார். இதற்கான இரு காரணங்களைத் தருக.