பழைய பி.எம்.டபிள்யூ 320டி வாங்கப் போகிறீர்களா?

2012-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எஃப்30 ரக 320டி, இன்று புதிய சின்னக் கார் ஒன்றின் விலைக்குக் கிடைக்கிறது. செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் உருவான வண்டி. ஓட்டுவதற்கு அப்படியொரு சுகம். ஆனால் இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். உதிரிபாகமும் கூலியும் முப்பது, நாற்பது லட்ச ரூபாய் காருக்கு உரிய விலையிலேயே நிற்கின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசப் போங்கள்.

1. கையிருப்பு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்து லட்சம் செலவழிக்க முடியும் என்றால் எட்டு லட்சத்துக்குள் வண்டியை முடியுங்கள். மீதி இரண்டு லட்சம் முதல் ஆண்டு வேலைகளுக்கு. அந்தப் பணம் ஒதுக்க முடியாது என்றால் இந்தக் கார் இப்போது வேண்டாம்.

2. காலையில் வண்டி எடுக்கும் முன்பே போய்ப் பாருங்கள். பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். இதில் இவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்பதற்குக் காரணம் டைமிங் செயின். 2015 வரையான வண்டிகளில் உள்ள என்47 டீசல் இன்ஜினில் இந்தச் செயின் முன்பக்கம் இல்லை, பின்பக்கம் கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்த செயின் குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போதும், 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். அளவிலும் கரகரவென்று உரசும். அதை மாற்றக் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். வெளி ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டலாம். அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். சத்தம் கேட்டால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

3. 2016 முதல் வந்த வண்டிகளில் பி47 இன்ஜின் இருக்கிறது. செயின் விஷயத்தில் இது மேல். விலை கூடினாலும் முடிந்தவர்கள் இதற்கே போகலாம்.

4. ஆனால் பி47-ல் வேறொன்றைக் கேட்டறிய வேண்டும். இ.ஜி.ஆர். கூலரில் கூலன்ட் கசிந்து, கரியோடு சேர்ந்து, அரிதாகத் தீப்பிடிக்க வாய்ப்புள்ளது என்று 2018-ல் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் டீசல் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை பாக்கி இருந்தால் இலவசமாகவே செய்து தருவார்கள்.

5. பெட்ரோல் 328ஐ மலிவாகக் கிடைக்கிறதே என்று தாவ வேண்டாம். அதன் என்20 இன்ஜினில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடைவதும், மின்சார வாட்டர் பம்ப் சொல்லாமல் நிற்பதும் பலர் பட்ட பாடு.

6. எட்டு கியர் இசட்.எஃப். ஆட்டோமேட்டிக் அருமையான பெட்டி. ‘ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். அதைத் தயாரித்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. பிளாஸ்டிக் ஆயில் பேனுக்குள்ளேயே ஃபில்டர் இருப்பதால் பேனையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆகும். நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

7. இன்ஜின் ஆயிலை 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றியிருக்கிறார்களா என்று பில்லில் பாருங்கள். பில் இல்லாத வாய்ச்சொல் கணக்கில் சேராது.

8. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. கட்டை நிறைய இருந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்த டயரை மாற்றத்தான் வேண்டும். கம்பெனி கொடுக்கும் ரன்பிளாட் டயர் ஒன்றே 15,000 ரூபாய்க்கு மேல். பஞ்சரானால் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும் என்பது அதன் பலம். விறைப்பான பக்கவாட்டுச் சுவர் குழிகளின் அடியை நேரே சஸ்பென்ஷனுக்குக் கொடுப்பது அதன் குறை. கீழ் ஆர்ம் புஷ்கள் சீக்கிரம் போவதற்கு நம் சாலையோடு இதுவும் காரணம். சாதாரண டயருக்கு மாறினால் ஸ்டெப்னி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அது கிடையாது.

9. பேட்டரியை மாற்றினால் போதாது, புதிது போட்டதாக ஸ்கேனர் மூலம் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றி, 20,000 ரூபாய்ப் பொருளைச் சீக்கிரமே கெடுத்துவிடும்.

10. சென்னை வண்டியென்றால் வெள்ளத்தை மறக்காதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். டிக்கியின் தளத்தைத் தூக்கி, பேட்டரி இருக்கும் பள்ளத்தில் துருவும் வண்டலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் குடித்த மின்சுற்று ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கெடும். எந்த மெக்கானிக்காலும் அதை முழுதாகக் குணமாக்க முடியாது.

11. ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். இந்தக் காரில் ஓடிய தூரம் வெவ்வேறு இடங்களில் பதிவாகிறது, சாவியிலும்கூட. பி.எம்.டபிள்யூ மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் சில ஆயிரம் கொடுத்து, ஸ்கேன் செய்து, தூக்கி அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்டில் கசிவு இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பொருள் விலை கொஞ்சம்தான், கூலிதான் கடிக்கும்.

12. தில்லிப் பதிவு எண்ணில் ஆச்சரியமான விலைக்கு வண்டி வரும். பத்து ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கு அங்கே இருந்த கட்டுப்பாடுதான் அந்த விலைக்குக் காரணம். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் விசாரித்துக் கூட்டிப் பார்த்தால் லாபம் கரைந்துவிடலாம். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீக்கப்படும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால், பிரீமியம் எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.